நாலு பேரும் ஒரு ஜெர்மானியரும்

1

ரேஷன் கார்டைப் புதுப்பிக்கும் படிவம் போன வாரம் வந்தது. பதினோரு கேள்விகள். பத்துக்கு என் மகள் ஜெயாவே பதில் எழுதிவிட்டாள். பதினோராவதில் பேனாவை நிறுத்தினாள்.

"அப்பா, பெர்மனன்ட் அட்ரஸ் கேக்கறான். நம்மளோடது எது?"

"என்னடி கேள்வி? பாலக்காடு, நடுத்தெரு, ஏழாம் நம்பர் வீடு."

"அங்க இப்போ யாரு இருக்கா?"

"யாரோ ஒரு வக்கீல். தாத்தா காலமானப்பறம் வித்தாச்சே."

"அரே, அப்போ அது வக்கீலோட அட்ரஸ்!"

நான் மாதுங்காவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் இருக்கும் நீங்கள் பம்பாயை வெளியூர் என்பீர்கள். அது தப்பு. மாடியில் குடியிருக்கும் வீடு, எண்ணிக் கொடுக்கும் அரிசி, மராட்டியில் திட்டும் பால்காரன், தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் சொந்தப் பெண் என்று இவ்வளவும் இருக்கிற இடம் வெளிநாடுதான். கப்பலில் வராமல் ரயிலில் வந்துவிட்டோம், அதனால் யாரும் மதிப்பதில்லை.

படிவத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று மடித்து வைத்தேன். மறுநாள் கடல் தபாலில் ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு யுத்த காலமும், குர்லா காதர் மீரானும், நான் கோழையாக இருந்த ஒரு சனிக்கிழமையும் ஞாபகத்துக்கு வந்தன. அதைத்தான் எழுதப்போகிறேன். இதில் தத்துவமும் கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்ததுதான்.

2

யுத்தத்தின் நடுவில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் பின்பக்க அறைக்கு ஒரு ஜெர்மானியர் குடிவந்தார். பெயர் டாக்டர் ரோட்மான். நரைத்த குறுந்தாடி, முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு. டாக்டர் என்றதும் கீழ்வீட்டு மகாதேவய்யர் தம் முழங்கால் வலியைக் காட்டப் போய்விட்டார். அவர் தத்துவ டாக்டர் என்று தெரிந்ததும் அந்த வலிக்கு அவர்தான் காரணம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோட்மான் யூதர். ஜெர்மனியில் ஒரு சர்வகலாசாலையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். நீ ஜெர்மானியனே அல்ல என்று அங்கே துரத்தினார்கள். பம்பாய்க்கு வந்தார். யுத்தம் வந்ததும், நீ ஜெர்மானியன் என்று இங்கே பிடித்து முள்வேலி முகாமில் போட்டார்கள். பிறகு விசாரித்து வெளியே விட்டார்கள். வாரம் ஒருமுறை போலீஸில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஊரைவிட்டு நகரக்கூடாது என்று நிபந்தனை.

நான் கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ. மாதுங்காவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஸ்டெனோ மேல்தான் விழும். விழுந்த கல் என்மேல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எடுத்து, வார நாட்களில் வீட்டில் டைப் அடிப்பது என்று ஏற்பாடு. அவருடைய ஆசிரியரின் தத்துவத்தைப் பற்றிய புத்தகம் அது. அந்த ஆசிரியரின் பெயரை நான் எழுதவில்லை. ரோட்மானும் வாயால் சொன்னதில்லை. 'என் ஆசிரியர்' என்பார், சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்.

அந்த ஆசிரியர் சொன்னது இது. நீ இருக்கிறாய், சரி, இருப்பது என்றால் என்ன? இதை யாராவது ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்களா? நம் பக்கத்தில் இதைக் கேட்காதவர்களே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் டிக்டேஷன் எடுக்கும்போது ஸ்டெனோ குறுக்கே பேசுவது தொழிலுக்கு அழகல்ல.

மனிதன் உலகத்துக்குள் தூக்கிப் போடப்பட்டவன் என்றார். எந்த ஊர், எந்தத் தாய், எந்தக் காலம் என்று அவனை யாரும் கேட்கவில்லை. விழுந்த இடத்திலிருந்துதான் அவன் பிழைப்பைத் தொடங்க வேண்டும். இது எனக்கு உடனே பிடித்துப்போனது. இருபத்தோரு வயதில் தாதர் ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு இறங்கியபோது சரியாக அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது மாசம் மரணம் வந்தது. எல்லாரும் சாவார்கள் என்று சொல்கிற மனிதன், நான் சாவேன் என்று ஒருநாளும் உண்மையாக நினைப்பதில்லையாம். காபி கொண்டுவந்த என் மனைவி பார்வதி கதவருகே நின்றாள்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஆத்துல என்ன சாவைப் பத்தி? குழந்தை இருக்கா. நாலு பேர் காதுல விழுந்தா என்ன நெனைப்பா?"

ரோட்மான் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நாலு பேர்? யார் அந்த நாலு பேர்?"

"குறிப்பாக யாருமில்லை. பொதுவாக, ஊர்."

"பெயர் இல்லையா?"

"இல்லை."

"முகம்?"

"கிடையாது."

"ஆனால் அவர்களுக்குப் பயந்துதான் எல்லாம் நடக்கிறது?"

"கல்யாணம், காது குத்தல், வேஷ்டி கட்டுவது வரைக்கும்."

எழுந்து அறையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஆசிரியர் ஒரு முழு அதிகாரத்தில் எழுதியிருந்தது இதைத்தானாம். நாம் நம் வாழ்க்கையை நாம் வாழ்வதில்லை. பெயரில்லாத யாரோ வாழ்கிறபடி வாழ்கிறோம். அவர்கள் ரசிப்பதை ரசிக்கிறோம், முகம் சுளிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். எதற்கும் அவர்கள் பொறுப்பேற்பதில்லை, ஏனென்றால் அவர்கள் யாருமில்லை. இதை ஜெர்மன் பாஷையில் சொல்லிப் புரியவைக்கத் தமக்கு ஒரு வருஷம் ஆனதாகவும், பார்வதி காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அன்றிலிருந்து அவளைக் கண்டால் எழுந்து நிற்பார். அதற்கும் அவள், நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள்.

3

'உலகம்' என்ற அதிகாரத்தின் நடுவில் என் டைப்ரைட்டரில் ஒரு எழுத்து முறிந்தது. இங்கிலீஷில் அதிகம் வரும் எழுத்து. அது இல்லாமல் உலகத்தை அடிக்க முடியாது.

குர்லாவில் காதர் மீரான் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தையல் மிஷின், டைப்ரைட்டர், கடிகாரம், எதைக் கொடுத்தாலும் ஓடவைத்துவிடுவார். உட்கார்ந்திருந்த நேரத்தில், அன்றைக்கு அடித்துக்கொண்டிருந்த பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். கையில் சுத்தி இருக்கும்போது தச்சன் சுத்தியைப் பார்ப்பதில்லை, ஆணியைத்தான் பார்க்கிறான். பிடி கழன்றால்தான் அடடா, சுத்தி என்று ஒன்று இருக்கிறதே என்று பார்க்கிறான். அப்போதுதான் பலகை, ஆணி, வீடு, வேலை என்று அதோடு கோத்திருந்த உலகம் முழுவதும் கண்ணில் படுகிறது. முப்பத்திரண்டு பக்கம் இதே விஷயம் என்றேன்.

காதர் மீரான் திருகுளியை வாயிலிருந்து எடுத்தார்.

"இதுக்கு முப்பத்திரண்டு பக்கமா சாமி? நல்லா ஓடுத மிஷினை எவன் பாக்கான்? நின்னு போச்சுன்னாதான என்னையத் தேடி வாரிய? பத்து வருசமா வீட்டுல இத வச்சிருக்கியளே, இதுக்கு அடியில இம்புட்டு தூசி இருக்குன்னு இன்னைக்குத்தான தெரியுது?"

அதை அப்படியே ரோட்மானிடம் சொன்னேன். அடிக்குறிப்பாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

4

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

ரோட்மான் இதே புத்தகத்தை ஜெர்மனியில் ஒருமுறை எழுதி முடித்திருக்கிறார். ஒரே பிரதி. வீட்டைவிட்டு ஓடியபோது அது மேஜை டிராயரிலேயே நின்றுவிட்டது. "இந்தத் தடவை ஒன்றுக்கு மேல் இருக்கட்டும், வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இதில் தவறே நடக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு ஸ்டெனோ அப்படி முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை ஊரில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். முதல் பிரதி ரோட்மானுக்கு. இரண்டாவது குர்லாவில் காதர் மீரானுக்கு. மூன்றாவது கல்யாணில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் என் மைத்துனன் சேஷுவுக்கு. வெறுமனே அனுப்பலாமா? எங்கள் கம்பெனியில் ஒரு குண்டூசியைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பினாலும் அதற்கு எண், தேதி, பொருள், இணைப்பு, 'அந்தரங்கம்' என்ற முத்திரை, ஒப்புகைச் சீட்டு எல்லாம் உண்டு. கை பழகிய பழக்கம், தானாக அடித்துவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தபாலில் போனது இப்படி:

'அந்தரங்கம். எண் உ/3. பொருள்: உலகம். மேற்படி பொருள் குறித்து முப்பத்திரண்டு தாள்கள் இத்துடன் அனுப்பப்படுகின்றன. பாதுகாப்பான இடத்தில் வைத்து, பிறர் பார்வைக்குக் கொடுக்காமல், ஒப்புகைச் சீட்டில் பெயர், கையெழுத்து, நிரந்தர முகவரி எழுதி உடனே திருப்பவும். பிரதிகள்: குர்லா, கல்யாண்.'

சேஷு ரயில்வே ஆள், ஒழுங்காகச் சீட்டைத் திருப்புவான். காதர் மீரான் திருப்பியதில்லை. ரோட்மானும் மாட்டார். "நான் என் வாழ்நாளில் போட வேண்டிய கையெழுத்தெல்லாம் போலீஸில் போட்டுத் தீர்த்துவிட்டேன்" என்பார். என் கோப்பில் அவருடைய சீட்டுகள் மட்டும் காலியாகவே இருந்தன. எனக்கு அது பெரிய உறுத்தல்.

யுத்த காலம். தபாலைப் பிரித்துப் பார்ப்பார்கள். கல்யாணைச் சுற்றிலும் பட்டாளம். குர்லா முழுக்கப் பட்டறையும் ரயிலும். ஒரு ஜெர்மானியன் சொல்லச் சொல்ல அடித்த காகிதங்கள், இந்த இரண்டு இடத்துக்கும் நம்பர் போட்டு, அந்தரங்க முத்திரையோடு போய்க்கொண்டிருக்கின்றன. இது எனக்குத் தோன்றவில்லை. வரிசை நம்பர் விட்டுப்போகக்கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

5

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரோட்மானையும் காதர் மீரானையும் என்னையும் வெளிநாட்டாரைப் பதிவு செய்யும் போலீஸ் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். சேஷு ரயில்வே ஆள் என்பதால் அவனை விட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மராட்டியர். மேஜைமேல் என் பார்சல்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கவலையிலும், கட்டியிருந்த நாடா ஒரே அளவாக இருந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது.

"இதை எல்லாம் யார் அடித்தது?"

"நான்தான்."

"நன்றாக அடித்திருக்கிறீர். என்ன இது? சுத்தி, ஆணி, பயம், மரணம். மூன்று நாளாகப் படிக்கிறேன், தலைவலிதான் வருகிறது."

"தத்துவம் சார்."

"தத்துவத்துக்கு எதற்கய்யா ஒப்புகைச் சீட்டு?"

காதர் மீரான் என் காதருகே குனிந்தார். "அன்னைக்கே சொன்னேன்லா சாமி, ரசீது கிசீது எதுக்குன்னு. கேட்டியளா?"

ஏதாவது ஒரு பக்கத்தை விளக்கும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார். ரோட்மான் ஆரம்பித்தால் மாலை ஆகிவிடும். நான் நாலு பேரை எடுத்துக்கொண்டேன். நாம் எதைச் செய்தாலும் பெயர் தெரியாத சிலர் என்ன சொல்வார்களோ என்று செய்கிறோம் அல்லவா, அவர்களைப் பற்றியது என்றேன். இன்ஸ்பெக்டரின் முகம் மாறிவிட்டது.

"லோக் காய் மண்தீல், ஜனங்கள் என்ன சொல்வார்கள்! என் வீட்டில் காலையிலிருந்து இதுதான். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம்." நாற்காலியில் சாய்ந்தார். "ஜெர்மனியிலும் இது உண்டா?"

"நிறைய உண்டு" என்றார் ரோட்மான்.

வந்த வேலை முடிந்தது, கிளம்பலாம் என்றே நான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்த ஆசிரியர் இப்போது எங்கே? அவரும் உங்களைத் துரத்திய அந்தக் கட்சிக்கு விரோதிதானே?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

"இல்லை" என்றார் ரோட்மான். "அவர் அந்தக் கட்சியில் சேர்ந்தார். என்னை வெளியே அனுப்பியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை."

காதர் மீரான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அப்படிப்பட்டவனைப் பற்றி நீ எதற்குப் புத்தகம் எழுதுகிறாய்?" இன்ஸ்பெக்டர் கோபமாகவே கேட்டார்.

ரோட்மான் ஜன்னலைப் பார்த்தார். "அவர் எழுதியது உண்மை. நாலு பேரைப் பற்றி அவரைப்போல யாரும் எழுதியதில்லை. ஆனால் சமயம் வந்தபோது, அவரே ஐந்தாவது ஆளாகப் போய் அவர்களோடு நின்றுகொண்டார். இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுத வேண்டும். அது என் வேலை."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் கேஸ் என்று ஒன்று பதிவாகிவிட்டது. கம்பெனியில் நிரந்தர உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர், இவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்திட்டால் ரோட்மான் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடியும் முகாம். காகிதங்கள் எரிக்கப்படும்.

"நான் போடுதேன் ஐயா" என்று காதர் மீரான் எழுந்தார். சொந்தப் பட்டறை செல்லாது, மாசச் சம்பளம் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வெள்ளைக்காரக் கம்பெனி. யுத்தம். ஜெர்மானியனுக்கு ஜாமீன் நின்ற ஸ்டெனோவை மானேஜர் எவ்வளவு நாள் வைத்திருப்பார்? "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு…" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"நான்கு மணி வரை இருப்பேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ரோட்மான் என்மேல் கோபப்படவில்லை. "கேட்டுவிட்டு வாருங்கள்" என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

6

கட்டட வாசலிலேயே மகாதேவய்யர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. மாதுங்காவில் செய்திக்கு ரயில் தேவையில்லை.

"ஓய், கையெழுத்து கிய்யெழுத்துன்னு போட்டுடாதேயும். நாளைக்கு நம்ம பில்டிங்கைப் பத்தி நாலு பேர் என்ன பேசுவா?"

அந்த அதிகாரத்தை மூன்று பிரதி, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் அடித்தவன் நான். அதில் ஒரு வரியாவது எனக்குள் போயிருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

பார்வதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகலாம் என்றேன். மகாதேவய்யர் சொன்னதையும் சொன்னேன். சரி, வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள், பழி அவள்மேல் போகும், நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

"அவர் ஏதாவது தப்புப் பண்ணினாரா?"

"இல்லை."

"கவர் மேல நம்பர் போட்டது யாரு?"

"நான்தான்."

"முத்திரை குத்தினது?"

"நான்தான்."

"பின்னே என்ன கேக்க வந்தேள்?"

"இல்லடி, நாலு பேர் என்ன…"

முறத்தைக் கீழே வைத்தாள். "அந்த நாலு பேர்ல நானும் ஒருத்திதானே? நான் சொல்றேன், கையெழுத்தைப் போட்டுட்டு வாங்கோ. மத்த மூணு பேர் கேட்டா எங்கிட்ட வரச்சொல்லுங்கோ."

மணி இரண்டரை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். படியிறங்கும்போது மகாதேவய்யர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

போலீஸ் அலுவலகத்தில் இருவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காதர் மீரான் இன்ஸ்பெக்டரின் மேஜைக் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். அது பத்து நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததாம். நான் கையெழுத்துப் போட்டேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் பாலக்காடு, நடுத்தெரு, ஏழாம் நம்பர் வீடு என்று எழுதினேன். ரோட்மானின் படிவத்தில் அதே இடத்தில், வழக்கம்போல ஒரு கோடு மட்டும் இருந்தது.

வெளியே வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ரோட்மான் தெருவின் நடுவில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"ஆக, நாலு பேரில் ஒருவருடைய பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது" என்றார்.

என் வேலை போகவில்லை. மானேஜருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. ஐந்து வருஷம் தினமும் தெரிந்துவிடுமோ என்று பயந்ததுதான் மிச்சம்.

7

யுத்தம் முடிந்ததும் கடல் தாண்டி ஒரு கல்லூரியில் ரோட்மானுக்கு வேலை கிடைத்தது. போய்விட்டார். இரண்டாம் மாடி அறையில் இப்போது கராச்சியிலிருந்து வந்த ஒரு சிந்திக் குடும்பம் ஏழு பேராக இருக்கிறது.

போன வாரம் வந்த பார்சலில் அச்சான புத்தகம் இருந்தது. காதர் மீரானின் தூசி, அடிக்குறிப்பில் பத்திரமாக இருக்கிறது. புத்தகத்துக்குள் ஒரு பழுப்புத் தாள். நான் அடித்த ஒப்புகைச் சீட்டுதான், எண் உ/3. இத்தனை வருஷம் வைத்திருந்து நிரப்பியிருக்கிறார். 'உலகம், முப்பத்திரண்டு தாள்கள், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, எந்தப் படிவத்திலும் அவர் நிரப்பாத இடம். நிரந்தர முகவரி: இரண்டாம் மாடி, பின்பக்க அறை, மாதுங்கா, பம்பாய்.

மூக்கைச் சிந்திக்கொண்டு பார்வதியிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதென்ன கூத்து? அங்க சிந்திக்காராள்னா இருக்கா? அடுத்தவா இருக்கற ஆத்தை எப்படித் தன்னோடதுன்னு எழுதலாம்?"

ஜெயா என்னைப் பார்த்தாள். ரேஷன் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்து, பேனாவையும் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

பதினோராவது கேள்வியில் மாதுங்கா என்று எழுதினேன். நாலு பேருக்கு வேண்டிய அரிசியும் சேர்த்து வருமா என்று கேட்டாள் பார்வதி.